மலைமேல் சூரியன் உட்காருவதற்குள்

செஞ்சிக்கு இன்னும் பத்து நிமிடம் இருக்கும்போது பஸ் நின்றுவிட்டது. பின்சக்கரம் பஞ்சர். கண்டக்டர் இறங்கிச் சக்கரத்தை ஒரு தட்டுத் தட்டிப் பார்த்துவிட்டு, "எல்லாம் எறங்கி நெழல்ல நில்லுங்க, பின்னாடி வண்டி வருது" என்றார். எப்போது வரும் என்று கேட்டேன். "வர்றப்ப வரும் சார்" என்றார். எங்கள் திருநெல்வேலிப் பக்கமாக இருந்தால் இந்தப் பதிலுக்கே ஒரு சண்டை நடந்திருக்கும். இங்கே எல்லாரும் புளியமரத்தடியில் போய் நின்றுகொண்டார்கள்.

பக்கத்தில் ஒரு சாக்கு மூட்டையோடு நின்ற அம்மாள் அவித்த கடலை ஒரு கைப்பிடி எடுத்து நீட்டினாள். "இந்தாங்க சார், மல்லாட்ட. வெறும் வாயோட எதுக்கு நிக்கிறீங்க." நாங்கள் நிலக்கடலை என்பதை இந்தப் பக்கத்தில் மல்லாட்டை என்கிறார்கள். பெயர் எதுவானால் என்ன, இளங்கடலை தேங்காய்த் துண்டுபோல் இனித்தது. அங்கிருந்தே மலைகள் தெரிந்தன. எங்கள் ஊர் மலை பச்சையாக இருக்கும், மேலே மேகம் நிற்கும். இது பாறைமேல் பாறையாகக் கொட்டி வைத்த மலை. அதில் உயரமானதைக் காட்டி, "அதுதானே ராஜகிரி? ஏறி இறங்க எவ்வளவு நேரம் ஆகும்?" என்று கேட்டேன்.

"நான் ஏறனதே இல்ல சார். கீழயே வேல சரியா இருக்குது" என்றாள்.

"ரெண்டு மணி நேரத்துல போயிட்டு வந்திரலாம் போலிருக்கே" என்றேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள், பிறகு என் தொந்தியைப் பார்த்தாள். "ஏறலாம், ஏறலாம்" என்று சொல்லிவிட்டு இன்னொரு கைப்பிடி கடலையைக் கொடுத்தாள்.

நான் செஞ்சிக்குப் போனது கோட்டை பார்க்க அல்ல. தரணேந்திரனின் மகள் ரேவதிக்கு நிச்சயதார்த்தம். தரணேந்திரனும் நானும் சென்னையில் கல்லூரிக் காலத்தில் மூன்று வருடம் ஒரே அறையில் இருந்தவர்கள். அவன் மேல்சித்தாமூர்க்காரன், தமிழ்ச் சமணக் குடும்பம். இப்போது செஞ்சியில் விதைக்கடை வைத்திருக்கிறான். என் மனைவி செல்வியும் வருவதாக இருந்தது, அவளுக்கு முழங்கால் வலி. ரயில்நிலையத்தில் அவள் எனக்குக் கொடுத்த ஒரே புத்திமதி இதுதான்: "போன இடத்துல வாயக் கட்டிட்டு இருங்க. எதுக்கெடுத்தாலும் 'நான் செய்தேன்'னு முந்திக்காதீங்க, என்ன." சரி என்று தலையாட்டினேன். முப்பத்தொரு வருடமாக ஆட்டிக்கொண்டிருக்கும் தலைதானே.

வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குத் தரணேந்திரனின் மனைவி பத்மா எனக்கு இலை போட்டாள். டிபன் என்று நினைத்து உட்கார்ந்தேன். சோறு, குழம்பு, பொரியல், மோர் என்று வரிசையாக வந்தது. "இது என்னடா, மத்தியானச் சாப்பாடா, ராத்திரிச் சாப்பாடா?" என்று கேட்டேன்.

"ராத்திரி இங்க ஏது சாப்பாடு" என்று சிரித்தான் தரணேந்திரன். பொழுது விழுந்த பிறகு சமணர்கள் சாப்பிடுவதில்லை என்பது எனக்குத் தெரியும். ஆனால் அறையில் இருந்த காலத்தில் இவன் ஒன்பது மணிக்கு என்னோடு உட்கார்ந்து சாப்பிட்டவன். அதைச் சொன்னேன். "அது வயசுடா. இப்ப எங்க வீட்டுக் கணக்குக்குக் கடிகாரமே வேணாம். மாடியில நின்னா நேரா மேக்கால ராஜகிரி. சூரியன் அது மேல போயி உக்காந்துச்சுன்னா நாங்க கை கழுவிடணும்" என்றான். மாடிக்குக் கூட்டிப்போய்க் காட்டவும் செய்தான். சொன்னது போலவே சூரியன் மலையுச்சியில் உட்கார்ந்தது, சற்று நேரத்தில் அந்தப் பக்கம் இறங்கிவிட்டது. வானத்தில் வெளிச்சம் இன்னும் பாக்கி இருந்தது. கீழே பத்மா பாத்திரங்களைக் கவிழ்த்துவிட்டாள்.

அப்போதுதான் போன் வந்தது. ஞாயிற்றுக்கிழமை நிச்சயதார்த்தத்துக்குப் பேசி வைத்திருந்த சமையல் மாஸ்டரின் மாமனார் இறந்துவிட்டாராம், வர முடியாதாம். பத்மா போனை வைத்துவிட்டுப் படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"தை மாசம், முகூர்த்த நாளு. இனிமே எந்த மாஸ்டர் கெடைப்பாங்க" என்றாள். நாற்பது பேர் விருந்து. மாப்பிள்ளை வீட்டார் வந்தவாசிப் பக்கத்திலிருந்து வருகிறார்கள். ஓட்டலில் வாங்கலாமே என்றேன். "ஓட்டல்ல கரண்டியிலயே வெங்காயம் இருக்கும்ணா. நாங்க சாதாரண நாள்ல கொஞ்சம் அப்படி இப்படி. அவங்க ரொம்பக் கண்டிப்பு. மொத மொத நம்ம வீட்டுக்கு வர்றவங்க வயிறு காஞ்சு போனாங்கன்னா, நாளைக்கு இவ அந்த வீட்ல போயி எப்படி வாழ்றது?" ரேவதி பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். அம்மாவின் தோளில் கை வைத்தாள்.

பக்கத்து வீட்டு மதிலுக்கு மேலே ஒரு தலை எட்டிப் பார்த்தது. ஆரோக்கியமேரி. பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைப்பவர் என்று பிறகு தெரிந்தது. "இன்னா பத்மா, டென்ஷன் ஆவாத. ஞாயித்துக்கெழம எனக்கு ஸ்கூலு இல்ல. பூச முடிஞ்சதும் நான் வந்துடறேன்" என்றார்.

இங்கேதான் நான் முந்திக்கொண்டேன். "உங்களுக்கு எதுக்கும்மா சிரமம்? நான் இருக்கேன்லா. எங்க காலனிக் கோயில் கொடைத் திருவிழாவுக்கு வருஷா வருஷம் இருநூறு பேருக்குச் சமைக்கிறவன். நாற்பது பேர் ஒரு கணக்கா? நீங்க விருந்தாளியா வந்து சாப்பிடுங்க" என்றேன்.

பத்மா தன் கணவனைப் பார்த்தாள். அவன் என்னைப் பார்த்தான். "மூணு வருஷம் ரூம்ல இவன் சமையல்தான்" என்று மெல்லச் சொன்னான். சிநேகிதனை மனைவி முன்னால் விட்டுக்கொடுக்கத் தெரியாத மனிதன். மதிலுக்கு மேலிருந்த தலை ஒரு கணம் என்னை அளந்துவிட்டு இறங்கிவிட்டது.

சனிக்கிழமை காலையில் காய்கறிப் பட்டியல் எழுதினேன். சின்ன வெங்காயம், பூண்டு, இஞ்சி, உருளைக்கிழங்கு, கேரட், சேனை. பத்மா அதை வாங்கிப் படித்தாள். பேனாவை எடுத்து ஒவ்வொன்றாகக் கோடு போட்டாள். பூமிக்கு அடியில் விளைகிற எதுவும் அன்றைக்கு ஆகாது. இஞ்சிக்குப் பதில் சுக்கு வைத்துக்கொள்ளலாம் என்றாள். கடைசியில் என் பட்டியலில் மிஞ்சியது கறிவேப்பிலையும் கொத்தமல்லியும்தான். "பரவாயில்லம்மா. பூசணி, வாழைக்காய், அவரை, வெள்ளரி, இது போதும். இத வச்சே ஏழு ஐட்டம் செஞ்சு அசத்திடுறேன்" என்றேன். அவள் பூசணி எத்தனை என்று கேட்டாள். நான் யோசிக்காமல் இரண்டு என்றேன்.

அன்று மாலை, சீக்கிரம் சாப்பிட்டுவிட்டு, தரணேந்திரனின் வண்டியில் சிங்கவரம் போனோம். வழியெல்லாம் நெல் அறுத்த வயலும் கடலைக் கொல்லையும். சின்னக் குன்று, அதன்மேல் பாறையைக் குடைந்த பெருமாள் கோயில். படிக்கட்டு எண்ணிக்கையில் அடங்கும். தரணேந்திரன் பாதியில் நின்று மூச்சு வாங்கினான். நான் வாங்கவில்லை. மேலே போய் நின்று அவனைக் கைகாட்டி அழைத்தேன். தாமிரபரணிக் கரையில் தினமும் காலையில் ஒரு மணி நேரம் நடக்கிறவன் என்ற பெருமை எனக்கு. "நாளைக்குக் காலையில கோட்டை திறந்ததும் ராஜகிரி ஏறிட்டு வந்திடுறேன். பதினோரு மணிக்கு அடுப்பு பத்த வச்சா மூணு மணிக்கு எல்லாம் ரெடி" என்றேன்.

"விசேஷத்தன்னிக்கா?" என்றான்.

"இவ்வளவு தூரம் வந்துட்டு ஏறாமப் போகச் சொல்லுதியா?"

அவன் படியிறங்கத் தொடங்கினான். தடுத்திருந்தாலும் நான் கேட்டிருக்க மாட்டேன். தாமிரபரணிக் கரை எவ்வளவு சமதளம் என்பது அப்போது எனக்கு உறைக்கவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை. பத்மா காலையில் கொடுத்த நாலு இட்லியும் தேங்காய்ச் சட்னியும் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினேன். முதல் நூறு படி வரை நான் ஒரு வீரன். அதற்குமேல் படிகளின் உயரம் ஒன்றுபோல் இல்லை, ஒன்று முழங்காலுக்கு வருகிறது, ஒன்று கணுக்காலுக்கு. வெயில் பாறையில் பட்டு முகத்தில் அடித்தது. ஒரு வளைவில் குரங்கு ஒன்று என் கையிலிருந்த பிஸ்கெட் பையை மிக மரியாதையாக வாங்கிக்கொண்டு போனது. நான் ஒரு கல்லில் உட்கார்ந்தேன். கல்லூரிப் பெண்கள் நாலைந்து பேர் பேசிக்கொண்டே என்னைத் தாண்டி ஏறினார்கள். "தாத்தா ஒக்காந்துட்டாருடி" என்று ஒருத்தி சொன்னது காதில் விழுந்தது. எழுந்துவிட்டேன். அந்த ஒரு சொல்தான் என்னை உச்சி வரை கொண்டு சேர்த்தது.

மேலே காற்று நன்றாக இருந்தது. அதைச் சொல்லத்தான் வேண்டும். நெல் வயல்களும் ஏரியும் ஊரும் காலடியில் கிடந்தன. கிழக்கே, வீடுகளுக்கு நடுவில், பந்தல் போட்ட ஒரு மாடி வீட்டை இதுதான் தரணேந்திரன் வீடு என்று நானே தீர்மானம் செய்துகொண்டு நின்றேன். எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை. அங்கிருந்த காவலாளி, "ஏறிட்டீங்க சார். எறங்குறதுதான் கஷ்டம், பாத்துப் போங்க" என்றார். ஏறியவனுக்கு இறங்கத் தெரியாதா என்று நினைத்துக்கொண்டேன்.

பத்துப் படி இறங்கியதும் முழங்கால்கள் தாமாக ஆட ஆரம்பித்தன. நிறுத்த முடியவில்லை. கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில், நண்டு மாதிரி, ஒவ்வொரு படியாக இறங்கினேன். அதே கல்லூரிப் பெண்கள் இப்போது என்னைத் தாண்டி இறங்கினார்கள். ஒருத்தி நின்று, "தண்ணி வேணுமா தாத்தா?" என்று பாட்டிலை நீட்டினாள். வாங்கிக் குடித்தேன். ஆட்டோ பிடித்து வீடு வந்து சேரும்போது மணி பன்னிரண்டே முக்கால்.

பின்கட்டில் பந்தலுக்குக் கீழே வாடகை அடுப்புகளும் அண்டாக்களும் தயாராக இருந்தன. குழாய் வாயில் வெள்ளைத் துணி கட்டி, வடிகட்டிய தண்ணீரைக் குடங்களில் நிரப்பி வைத்திருந்தாள் பத்மா. அரிசி ஊறிக்கொண்டிருந்தது. "வந்துட்டீங்களாண்ணா" என்றாள். பதினொரு மணியிலிருந்து வாசலுக்கும் பின்கட்டுக்கும் நடந்திருக்கிறாள் என்று ரேவதிதான் சொன்னாள்.

போன நேரத்தைப் பிடித்துவிடலாம் என்று எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் ஆரம்பித்தேன். அரிசி முழுவதையும் ஒரே அண்டாவில் கொட்டினேன். வீட்டில் குக்கருக்கு எந்தக் கணக்கில் தண்ணீர் வைப்பேனோ அதே கணக்கில் ஊற்றினேன். துவரம்பருப்பை அடுப்பில் ஏற்றிய கையோடு, நேரம் மிச்சமாகும் என்று புளியையும் கரைத்து ஊற்றிவிட்டேன். சமையல் தெரிந்தவர்கள் இந்த இடத்தில் தலையில் அடித்துக்கொள்வார்கள். புளி விழுந்த பருப்பு வேகாது. அது ஒரு மணி நேரம் கொதித்தும் கல்லாகவே கிடந்தது. அரிசி அடியில் குழைந்து, மேலே வேகாமல் நின்றது. அடுப்பு சரியில்லை என்று ரேவதியிடம் சொன்னேன். அண்டாவின் அடி மெல்லிசு என்று தரணேந்திரனிடம் சொன்னேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதைதான். பூசணிக்காய் இரண்டும் இன்னும் வெட்டாமல் ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தன.

மணி மூன்று. மாப்பிள்ளை வீட்டார் திண்டிவனம் தாண்டிவிட்டார்கள் என்று போன் வந்தது. பத்மா பட்டுப்புடவையில் பின்கட்டுக்கு வந்தாள். கரண்டியை எடுத்து அரிசியைக் கிளறினாள். பருப்பை இரண்டு விரலில் நசுக்கினாள். நசுங்கவில்லை. மேலே சூரியனைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"அண்ணா, நெசத்தச் சொல்லுங்க. முடியுமா, முடியாதா?"

முடியும் என்ற சொல் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. முப்பது வருடப் பழக்கம் அது, கேட்கிற கேள்வி முடியும் முன்னே வந்து நிற்கும். இன்னும் அரை மணி நேரம் கொடம்மா என்று சொல்லியிருந்தால் அவள் கொடுத்திருப்பாள், அண்ணா என்று கூப்பிட்டுவிட்டாள் அல்லவா. ஆனால் அவள் முகத்தில் கோபமே இல்லை. பயம் மட்டும்தான் இருந்தது. மகளுக்காகப் பயந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு அந்தச் சொல்லைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"முடியாதும்மா" என்றேன். "என்னால முடியாது. வெள்ளிக்கிழமையே சொல்லியிருக்கணும்."

அவள் ஒரு மூச்சை விட்டாள். திரும்பி மதில் பக்கம், "மேரிக்கா" என்று ஒரு குரல் கொடுத்தாள். கூப்பிடுவதற்காகவே காத்திருந்ததுபோல் ஆரோக்கியமேரி அந்தப் பக்கத்துக் கதவைத் திறந்துகொண்டு வந்தார். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, அண்டா அண்டாவாகப் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை.

"ஏழு ஐட்டம் எல்லாம் வுட்டுடு பத்மா. சோறு, பூசணி போட்ட பாசிப்பருப்பு சாம்பாரு, வாழக்கா பொரியலு, வெள்ளரிக்கா தயிர்ப் பச்சடி, சேமியா பாயாசம், அப்பளம். போதும். பாசிப்பருப்பு சீக்கிரம் வெந்துடும். வேற அரிசி களைஞ்சு குடு" என்று சொல்லிக்கொண்டே ஒரு அடுப்பை அணைத்து இன்னொன்றைப் பற்ற வைத்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். "சார், உங்களுக்கு நெசமா இன்னா நல்லா வரும்?"

யாரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. நானும் என்னைக் கேட்டதில்லை. எங்கள் காலனிக் கோயில் கொடையை நினைத்துப் பார்த்தேன். இருநூறு பேருக்கு நான் சமைக்கிறேன் என்று ஊரெல்லாம் சொல்லி வருகிறேன். அரிசிக்கு உலை வைப்பது யார்? சமையலுக்கு வரும் தவசுப்பிள்ளை. உப்புப் போடுவது? அவர் மனைவி. தாளிப்பதும் இறக்குவதும் அவர்கள்தான். நான் இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு நடுவில் ஒரு கரண்டியால் கிண்டியிருக்கிறேன், ருசி பார்த்திருக்கிறேன், படம் எடுத்திருக்கிறார்கள். ஆனால் விடியற்காலையில் எல்லாருக்கும் முன்னால் போய் உட்கார்ந்து மூட்டை மூட்டையாகக் காய் வெட்டுவது நான்தான். அதில் எனக்கு ஈடு அந்தக் காலனியில் யாரும் இல்லை. அதை மட்டும் நான் ஒருவரிடமும் பெருமையாகச் சொன்னதில்லை.

"வெட்ட வரும்மா" என்றேன்.

"அப்ப வெட்டுங்க. மத்தத எங்கிட்ட வுடுங்க" என்றார்.

அரிவாள்மனையை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். முழங்கால் மடங்க மறுத்தது, காலை நீட்டிக்கொண்டு பக்கவாட்டில் உட்கார்ந்து வெட்டினேன். பூசணி ஒரு பக்கம், வாழைக்காய் ஒரு பக்கம். எல்லாத் துண்டும் ஒரே அளவு. ஆரோக்கியமேரி வந்து வந்து அள்ளிக்கொண்டு போனார். நாற்பது பேருக்கு இரண்டு பூசணி போதாது என்று கடைக்கு ஆள் அனுப்பி மூன்றாவதை வாங்கி வரச் சொன்னதும் அவர்தான். வந்தவர்கள் கூடத்தில் உட்கார்ந்து தட்டு மாற்றினார்கள், மங்கலப் பாட்டு கேட்டது. நான் வெள்ளரிக்காய் வெட்டிக்கொண்டிருந்தேன். உண்மையைச் சொன்னால் அந்த ஒன்றரை மணி நேரம் எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

ஐந்து மணிக்கு முதல் பந்தி உட்கார்ந்தது. பேசி வைத்த நேரத்துக்கு இது தாமதம், என் புண்ணியம். இரண்டாவது பந்திக்கு இலை போடும்போது சூரியன் மலைக்கு மேலே இரண்டு முழ உயரத்தில் இருந்தது. பரிமாறுகிறவர்கள் ஓடினார்கள். நானும் தண்ணீர் ஊற்றிக்கொண்டு போனேன். மாப்பிள்ளையின் பெரியப்பா, கண்டிப்பானவர் என்று பேர் வாங்கியவர், சாம்பாரை இரண்டாம் முறை கேட்டு வாங்கினார். "சமையல் யாரு? நல்ல பக்குவம்" என்றார்.

தரணேந்திரன் யோசிக்கவே இல்லை. "என் சிநேகிதன்தாங்க. திருநெல்வேலியில இருந்து வந்திருக்கான்" என்று என் தோளைத் தொட்டான்.

அப்படியே விட்டிருக்கலாம். ஒருவருக்கும் நட்டமில்லை. ஆனால் ஆரோக்கியமேரி அப்பளக் கூடையோடு அந்த வரிசையில்தான் வந்துகொண்டிருந்தார். "இல்லீங்க. சமைச்சது இவங்க. நான் காய் வெட்டினேன்" என்றேன்.

பெரியவர் குனிந்து இலையிலிருந்த பூசணித் துண்டைப் பார்த்தார். "வெட்டு நல்லாதான் இருக்குது" என்று சொல்லிவிட்டுச் சாப்பாட்டைத் தொடர்ந்தார். ஆரோக்கியமேரி அப்பளத்தை வைத்துவிட்டு நகர்ந்தார், உதட்டோரத்தில் ஒரு சிரிப்பு இருந்த மாதிரி எனக்குத் தெரிந்தது.

அந்த நேரத்தில் வந்தவாசியிலிருந்து பிந்திக் கிளம்பிய ஒரு கார் வந்து நின்றது. ஐந்து பேர். இரண்டாம் பந்தியில் கடைசியாக அப்போதுதான் உட்கார்ந்து, இன்னும் இலையில் கை வைக்காத ரேவதியும் வீட்டுக்காரர்களும் சத்தமில்லாமல் எழுந்து அவர்களுக்கு இடம் விட்டார்கள். வந்தவர்கள் கை கழுவி எழுந்தபோது சூரியன் ராஜகிரியின் மேல் உட்கார்ந்திருந்தது. சொல்லி வைத்தாற்போல் எல்லாம் சரியாக முடிந்தது என்று நான் பெருமூச்சு விட்டேன். மாப்பிள்ளை வீட்டார் நிறைந்த வயிறும் சிரித்த முகமுமாக விடைபெற்றுப் போனார்கள்.

பாத்திரங்களை எடுத்து வைக்கும்போதுதான் எனக்கு உறைத்தது. தரணேந்திரன், பத்மா, ரேவதி, பத்மாவின் அக்கா, தரணேந்திரனின் தம்பியும் அவர் மனைவியும், ஆறு பேர் சாப்பிடவில்லை. இனி மறுநாள் காலைதான். அண்டாவில் சோறு இருந்தது, சாம்பார் இருந்தது. மலையின் அந்தப் பக்கம் சூரியன் போய்விட்டது.

"மேரிக்கா, நீங்களாவது சாப்டுங்க" என்றாள் பத்மா. "எனக்கு வூட்ல மீன் கொழம்பு இருக்குதுடி" என்று சிரித்துக்கொண்டே அவர் தம் வீட்டுக் கதவைத் திறந்துகொண்டு போய்விட்டார்.

பத்மா எனக்கு இலை போட்டாள்.

"வேண்டாம்மா. நானும் காலையிலயே சாப்பிட்டுக்கிறேன்" என்றேன்.

"உங்களுக்கு இன்னாண்ணா? மல ஏறிட்டு வந்தவரு. மத்தியானமும் சாப்பிடல. உக்காருங்க" என்றாள். மறுத்தால் அவளுக்குத்தான் இன்னும் வருத்தம். உட்கார்ந்தேன். பசித்திருந்தவள் நின்று பரிமாறினாள், நான் சாப்பிட்டேன். சாப்பாடு மிக ருசியாக இருந்தது. அதுதான் தாங்கமுடியவில்லை. நான் காலையில் ஒரு மலையில் நின்று காற்று வாங்கிய அந்த இரண்டு மணி நேரம்தான் இவர்கள் ஆறு பேரின் சாப்பாடு என்று பத்மாவிடம் சொன்னேன், மன்னிப்பும் கேட்டேன்.

"விடுங்கண்ணா. எங்களுக்கு நோம்பு புதுசா? வந்தவங்க சாப்ட்டாங்க, எம்பொண்ணு மொகம் தெளிஞ்சிருக்குது" என்றாள். "நீங்க மூணு மணிக்கு முடியாதுன்னு சொன்னீங்க பாருங்க, அதான் பெருசு. நாலு மணிக்கு சொல்லியிருந்தா என்னா ஆயிருக்கும்."

தரணேந்திரன் பக்கத்தில் உட்கார்ந்து என் முழங்காலுக்குத் தைலம் தேய்த்துவிட்டான். "ரூம்ல நீ ரெண்டு பேருக்குத்தான்டா சமைச்ச" என்றான்.

"நல்லா இருந்துச்சா?"

"பசிக்குமில்ல" என்றான்.

திங்கட்கிழமை விடியும் முன்னே எழுந்துவிட்டேன். பத்மாவிடம், காலைச் சாப்பாடு நான் செய்யலாமா என்று கேட்டேன், செய்கிறேன் என்று சொல்லவில்லை. அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, "எத்தன பேருக்கு?" என்றாள். "நீங்க ஆறு பேர். நானும் மேரியம்மாவும் சேர்ந்தா எட்டு. எட்டுப் பேருக்கு உப்புமா எனக்கு வரும்" என்றேன். மதில் பக்கம் போய் ரவைக்கு அளவும் தண்ணீருக்கு அளவும் ஆரோக்கியமேரியிடம் கேட்டுக்கொண்டு வந்தேன். பச்சைமிளகாய், கறிவேப்பிலை, கொத்தமல்லி எல்லாம் வெட்டி வைத்தேன். தீப்பெட்டியை எடுத்தபோது பத்மா, "இப்பவே பத்த வெக்காதீங்கண்ணா. சூரியன் வரணும்" என்றாள்.

காத்திருந்தோம். தை மாதக் குளிர். ஆறு பேரும் பின்கட்டில் ஆளுக்கொரு இடத்தில் உட்கார்ந்திருந்தார்கள், ரேவதி மட்டும் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு என் அடுப்புக்குப் பக்கத்தில் இருந்தாள். வெயில் எங்களிடம் வருவதற்கு முன்னால் மேற்கே ராஜகிரியின் உச்சியில் பட்டது. "நைனா, மேல வந்துடுச்சு" என்றாள் ரேவதி. இன்னும் ஊருக்குள் வரவில்லை என்று தரணேந்திரன் சொன்னான். பிறகு எதிர்வீட்டு மாடியில் வெயில் விழுந்தது, எங்கள் பந்தலிலும் விழுந்தது. பத்மா தலையசைத்தாள். அடுப்பைப் பற்ற வைத்தேன்.

உப்புப் போடும்போது, "நீங்க போடுங்கம்மா" என்றேன். "நீங்களே போடுங்க, எட்டுப் பேருக்குத்தானே" என்றாள். போட்டேன். கட்டி தட்டாமல் கிளறி இறக்கி எட்டு வாழை இலைத் துண்டில் வைத்தேன். பத்மா முதல் வாய் எடுத்து மென்றாள். "உப்பு கொஞ்சம் கம்மிண்ணா" என்றாள். ஆரோக்கியமேரியும் ஆமாம் என்றார். சொல்லிக்கொண்டே எல்லாரும் சாப்பிட்டார்கள். ரேவதி இரண்டாம் முறை இலையை நீட்டினாள். அடியில் ஒட்டியதைத் தரணேந்திரன் சுரண்டி எடுத்துக்கொண்டான், இந்த முறை பசி மட்டும் காரணமல்ல என்று நம்ப ஆசைப்படுகிறேன்.

மத்தியானம் பஸ் ஏறினேன். இந்தப் பஸ் எங்கும் நிற்கவில்லை. ஜன்னல் வழியே ராஜகிரி வெகுநேரம் கூட வந்தது. செல்விக்குப் போன் செய்தேன்.

"விசேஷம் நல்லா நடந்துச்சா? வாயக் கட்டிட்டு இருந்தீங்களா?" என்றாள்.

இருக்கவில்லை என்று சொல்லி, நடந்ததை முழுக்கச் சொன்னேன். குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"சரி, காலைல உப்புமா நல்லா வந்துச்சா?"

"உப்பு கொஞ்சம் கம்மி."

அந்தப் பக்கம் அவள் அடுப்பை அணைக்கும் சத்தம் கேட்டது.

"எப்பவும் கம்மிதான்" என்றாள் செல்வி. "கல்யாணம் ஆன நாள்ல இருந்து கம்மிதான். இன்னைக்குத்தான் உங்க வாயில இருந்து கேக்கேன்."